தொரை பார்ட்னர் ஆகும்போது: எல்.எல்.பி.யில் சேர்வதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்குகள்

"இத்தனை வருஷம் சம்பளத்துக்கு உழைச்சது போதும் சார். தொழிலை எல்.எல்.பி.யா மாத்தப் போறோம், உங்களையும் பார்ட்னரா போட்டுடறோம்." குன்னூர், கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் ஃபாக்டரி முதலாளியோ, ஊட்டியில் நாலு காட்டேஜ் நடத்துபவரோ தன் மேனேஜரிடம் இப்படிச் சொன்னால் கேட்பவருக்கு மனம் குளிர்ந்துதான் போகும். எஸ்டேட்டில் மேனேஜரைத் 'தொரை' என்று கூப்பிடும் வழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை. பார்ட்னர் என்றால் அதற்கும் ஒரு படி மேல் என்று தோன்றும்.

எல்.எல்.பி. என்றால் 'லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்', பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்பு வைத்த கூட்டு நிறுவனம். சட்டத்தின் கண்ணுக்கு, அதன் ஒப்பந்தத்தில் மேனேஜர் போடும் கையெழுத்து ஒரு ராஜினாமா. மறுநாள் காலை அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைத்தான் பார்ப்பார். ஆனால் வருமான வரி அவரைத் தொழில் செய்பவராகப் பார்க்கும், பி.எஃப். அலுவலகம் அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும், ஜி.எஸ்.டி. அலுவலகம் பாக்கி வசூலிக்க வேண்டியவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். 'லிமிடெட் லயபிலிட்டி' என்ற பெயரைப் பார்த்து, போட்ட பணத்துக்கு மேல் நஷ்டம் வராது என்று நினைப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. கடைக்காரருக்கும் லாரிக்காரருக்கும் எல்.எல்.பி. வைத்த பாக்கியைப் பொறுத்தவரை அந்த நினைப்பு சரி. அரசுக்கும் பேங்குக்கும் வைத்த பாக்கி என்றால் அது பாதிக்கு மேல் தவறு.

ஊழியர் என்ற நிலை எங்கே போகிறது

ஒரு கூட்டு நிறுவனத்தின் பார்ட்னர் அதே நிறுவனத்துக்கு ஊழியராக இருக்க முடியாது என்பது நம் நீதிமன்றங்களில் பழைய கொள்கை. இதை அழுத்தமாகச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே ஒரு தேயிலை வழக்கில்தான். 1977-இல் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளியான சிதம்பரம் பிள்ளை வழக்கு அது. தேயிலையைத் தானே பயிரிட்டுத் தயாரிப்பவரின் வருமானத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் தொழில் என்று பிரிப்பார்கள். அந்த நிறுவனத்தின் பார்ட்னர் வாங்கும் சம்பளத்துக்கும் இந்தப் பிரிப்பு பொருந்துமா என்பது கேள்வி. பொருந்தும் என்றார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பார்ட்னருக்குத் தரும் சம்பளம் லாபத்தின் ஒரு பங்குக்கு வைத்த இன்னொரு பெயர்தான், தனக்குத் தானே யாரும் கூலிக்காரராக முடியாது என்பது அவர் சொன்ன காரணம். பிறகு, 1985-இல் வெளியான ராமானுஜா தீப்பெட்டித் தொழிற்சாலை வழக்கில், மாதச் சம்பளம் வாங்கினாலும் பார்ட்னர் இ.எஸ்.ஐ. சட்டத்தில் ஊழியர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் முடித்தது.

எல்.எல்.பி. அந்தப் பழைய கூட்டு நிறுவனம் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2008-ஆம் ஆண்டின் எல்.எல்.பி. சட்டம் 3-ஆம் பிரிவில் அதைத் தனி சட்ட நபர் என்கிறது. ஆகவே 'தனக்குத் தானே கூலி' என்ற வாதம் இங்கே அப்படியே ஒட்டாது. பிரிட்டனில் இந்தக் கேள்வி ஏற்கெனவே வெடித்துவிட்டது. எல்.எல்.பி. உறுப்பினர் ஒருவர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருவார் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரல் 6 முதல் அங்கே வரிச்சட்டமும் மூன்று கேள்விகளை வைத்தது. வாங்குவதில் குறைந்தது 80 சதவீதம் லாபத்தோடு சம்பந்தமில்லாத நிலையான தொகையா? நிர்வாகத்தில் அவருக்குப் பெரிய செல்வாக்கு இல்லையா? போட்ட முதல் அந்த நிலையான தொகையில் 25 சதவீதத்துக்குக் குறைவா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் பெயர் பார்ட்னராக இருந்தாலும் வரி ஊழியராகவே.

இந்தியாவில் வரிச்சட்டம் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் உள்ள இரண்டாவது விளக்கம், கூட்டு நிறுவனத்திலிருந்து பார்ட்னர் வாங்குவது எதுவும் 'சம்பளம்' அல்ல என்று ஒரே வரியில் மூடிவிடுகிறது. எல்.எல்.பி.யும் அந்தச் சட்டத்தில் 'ஃபர்ம்' என்ற சொல்லுக்குள் வருகிறது. பார்ட்னர் என்று எழுதிவிட்டால் வரித்துறை அதைக் கேள்வி கேட்க வாய்ப்பு குறைவு, அவர்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. சண்டை வந்தால் தொழிலாளர் சட்டப் பக்கம்தான் வரும். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, எண்கள் மாறிவிட்டன. ஆடிட்டர் அலுவலகங்களில் பேச்சு இன்னும் பழைய எண்களில்தான் ஓடுகிறது என்பதால் இங்கேயும் அவையே.)

அதே தொகை, வேறு வரி

ரிசார்ட் மேனேஜர் ஒருவருக்கு ஆண்டுக்கு ₹12,50,000 என்று வைத்துக்கொள்வோம். ஊழியராக இருந்தால் புதிய வரி முறையில் ₹75,000 நிலைக் கழிவு போய் ₹11,75,000. பன்னிரண்டு லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம்.

அதே ₹12,50,000-ஐ எல்.எல்.பி. பார்ட்னர் ஊதியமாக வாங்கினால் அது தொழில் வருமானம். நிலைக் கழிவு சம்பளக்காரருக்கு மட்டும் என்பதால் இங்கே கிடையாது. பன்னிரண்டு லட்சத்தை ₹50,000 தாண்டுகிறது. அடுக்குக் கணக்கில் ₹67,500 வரும், எல்லை தாண்டியவருக்கான சலுகையில் அது ₹50,000 ஆகக் குறையும், 4 சதவீத செஸ் சேர்த்து ₹52,000. ஒரு ரூபாய் கூட அதிகம் வாங்காமல் ₹52,000 போகிறது. இதற்கு ஒரு மாற்று உண்டு. தொழில் வருமானம் என்பதால், அதை ஈட்டச் செலவழித்ததைப் பில்லோடு கழிக்கலாம். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் சொந்த வண்டியில் வேலையாக ஓடிய டீசல், வண்டித் தேய்மானம், போன் எல்லாம் இதில் வரும். எல்.எல்.பி.யே திருப்பித் தந்த செலவை மறுபடி இங்கே எழுதக் கூடாது. பில் வைக்காதவருக்கு இந்த மாற்று இல்லை.

மொத்தத் தொகையில் கழிவு எடுக்காமல், வரவில் ஒரு விகிதத்தை லாபமாகக் காட்டும் 44ஏ.டி. வழி இங்கே அடைபட்டிருக்கிறது. எல்.எல்.பி.க்கு அது சட்டத்திலேயே இல்லை. பார்ட்னர் தன் ஊதியத்தையும் வட்டியையும் 'விற்றுமுதல்' என்று காட்டி 8 சதவீதம் மட்டும் கணக்குக் காட்ட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் தீர்த்தும் விட்டது.

2025 ஏப்ரல் 1 முதல் வந்த 194டி (194T) பிரிவு இன்னொரு மாற்றம். பார்ட்னருக்குத் தரும் ஊதியம், போனஸ், கமிஷன், முதலின் மேல் வட்டி எல்லாம் சேர்ந்து ஆண்டில் ₹20,000 தாண்டினால் எல்.எல்.பி. 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். லாபப் பங்குக்கும் முதலைத் திரும்ப எடுப்பதற்கும் இது கிடையாது. மாதம் ₹60,000 வாங்கும் ஃபாக்டரி மேனேஜருக்குச் சம்பளக்காரராக வரியும் இல்லை, பிடித்தமும் இல்லை. பார்ட்னராக அவருக்கு மாதம் ₹6,000 பிடிபடும், வருடத்துக்கு ₹72,000. வரி பூஜ்யம்தான், ஆனால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை அந்தப் பணம் கையில் இருக்காது. பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

வருமானம் பெரிதாக இருப்பவருக்குக் கதை தலைகீழ். 10 சதவீதம் போதாமல், மீதியை அட்வான்ஸ் டாக்ஸாகத் தானே கட்ட வேண்டும்: ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. மலையின் பருவத்தோடு இந்தத் தேதிகள் ஒத்துப்போவதில்லை. ஜூன் தவணை காட்டேஜ்காரருக்குக் கோடை சீசன் முடிந்த கையோடு வருவதால் வலிக்காது. தேயிலைக்காரருக்கு மார்ச் தவணைதான் கொடுமை. உறைபனியில் கொழுந்து கருகி, ஜனவரி பிப்ரவரியில் ஃபாக்டரி வாரத்துக்குச் சில நாள் மட்டும் ஓடி, கையில் பணம் வறண்ட நேரத்தில் அது வந்து நிற்கும்.

சில்லறையாகத் தோன்றும் இன்னும் சில உண்டு. படிவம் 16 நின்றுபோகும், ஐ.டி.ஆர்.-3 போட வேண்டும், அதை நாமே போடுவது கஷ்டம். வீட்டுக் கடன் கேட்டுப் போனால் பேங்க் உங்களைச் சுயதொழில் வரிசையில் வைத்து இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்கும். கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் பார்ட்னர் ஆவதற்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. வீட்டு வாடகைப் படி, விடுமுறைப் பயணப் படி, என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளி செலுத்தும் பங்குக்கான கழிவு எல்லாம் ஊழியருக்கே உரியவை. பழைய வரி முறைக்கும் புதியதற்கும் வருடாவருடம் மாறும் சௌகரியமும் போய்விடும். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்பினால் அதன்பின் மறுபடி வெளியேற முடியாது.

கணக்கில் நஷ்டம், கையில் வரி

எல்.எல்.பி.க்கு அடுக்கு வரி கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ்ஸோடு 31.2. வருமானம் ஒரு கோடி தாண்டினால் அதன்மேல் 12 சதவீத சர்சார்ஜும். வரி கட்டிய பின் பார்ட்னருக்கு வரும் லாபப் பங்குக்கு அவர் கையில் வரியில்லை. அதனால் எல்லா எல்.எல்.பி.யும் பார்ட்னர் ஊதியத்தைச் செலவாக எழுதி லாபத்தைக் குறைக்கவே பார்க்கும். அதற்குத்தான் 40(பி) பிரிவில் உச்சவரம்பு இருக்கிறது. இதை ஆளுக்கு இவ்வளவு என்று பலர் படிக்கிறார்கள். எல்லா உழைக்கும் பார்ட்னர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வரம்பு.

மூன்று பார்ட்னர்கள், தலைக்கு மாதம் ₹60,000, ஆண்டுக்கு மொத்தம் ₹21,60,000 என்று ஒப்பந்தம். தேயிலை விலை சரிந்த வருடம், பார்ட்னர் ஊதியம் கழிப்பதற்கு முன் லாபம் ₹10,00,000-தான். வரம்புக் கணக்கு இப்படி: முதல் ஆறு லட்சத்தில் 90 சதவீதம், ₹5,40,000. மீதி நாலு லட்சத்தில் 60 சதவீதம், ₹2,40,000. ஆக ₹7,80,000 மட்டுமே செலவாக ஏற்கப்படும். மீதமுள்ள ₹2,20,000-க்கு வரி ₹68,640. பேரேட்டிலோ ₹11,60,000 நஷ்டம். நஷ்டத்தில் ஓடும் நிறுவனம் வரி கட்டுகிறது, அதையும் சேர்த்தால் நஷ்டம் ₹12,28,640.

இந்த நஷ்டம் எங்கே போய் உட்கார்கிறது என்பதைத்தான் மேனேஜர் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் லாப நஷ்டம் சமம் என்று இருந்தால் அவருடைய முதல் கணக்கில் சுமார் ₹4,09,500 பற்று விழும். மாதாமாதம் 'சம்பளம்' என்று நினைத்து வாங்கிய ₹7,20,000-இல் பாதிக்கு மேல், அவர் நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கியாக மாறி நிற்கிறது. விலகும் நாளில் கணக்கு முடிக்கும்போது அது எடுத்துக் காட்டப்படும். சம்பளக்காரரிடம் எந்த முதலாளியும் நஷ்டத்துக்காகப் போன வருடச் சம்பளத்தைத் திரும்பக் கேட்க முடியாது. பார்ட்னரிடம் கேட்கலாம். நஷ்டத்தில் தனக்குப் பங்கில்லை, நிலையான ஊதியத்தைப் பின்னால் ஈடுகட்டத் தேவையில்லை என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி இருந்தால் இந்த வலி இராது. எழுதவே இல்லை என்றால் எல்.எல்.பி. சட்டத்தின் முதல் அட்டவணை வந்துவிடும். அதன்படி லாபமும் நஷ்டமும் சமம், நிர்வாகம் பார்த்ததற்காக எந்தப் பார்ட்னருக்கும் ஊதியமே கிடையாது.

ஊதியம் கழிக்கப்பட வேண்டுமானால் தொகையோ அதைக் கணக்கிடும் முறையோ ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், 'பார்ட்னர்கள் அவ்வப்போது முடிவு செய்வார்கள்' என்பது போதாது என்று வரி வாரியத்தின் 739-ஆம் எண் சுற்றறிக்கை 1996-லேயே சொன்னது. ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய மாதங்களுக்கும் கழிவு கிடையாது. ஏப்ரலில் பேசி, செப்டம்பரில் எழுதி, ஏப்ரலிலிருந்தே ஊதியம் போடும் பழக்கம் அதனால்தான் ஆடிட்டில் மாட்டுகிறது.

கையெழுத்துக்கு முன் கிராஜுவிட்டி

ஊழியராக இருந்த காலத்தின் கணக்கைப் பார்ட்னர் ஆகும் நாளுக்கு முன் முடித்துவிட வேண்டும். இதை ஒத்திப்போடுவதில்தான் மலையில் அதிகப் பணம் கரைகிறது. "கிராஜுவிட்டி எங்க சார் போகப் போகுது, கடைசியா மொத்தமா பார்த்துக்கலாம்" என்ற வாய்ப்பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

மேனேஜரின் கடைசி மாதக் கூலி, கிராஜுவிட்டிக் கணக்குக்கு, ₹30,000. சேவை 14 ஆண்டு. முப்பதாயிரத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 14-ஆலும் பெருக்கினால் ₹2,42,308. 2025 நவம்பர் 21-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த வாய்பாடு மாறவில்லை. மாறியது 'கூலி' என்ற சொல்லின் அளவு. அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மேற்பட்டதும் கூலியோடு சேரும். ₹60,000 சம்பளத்தில் அடிப்படையை ₹18,000 என்று சுருக்கி வைத்திருந்தாலும் கணக்கு ₹30,000-இலிருந்துதான் தொடங்கும். பழைய சீட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது.

வேலை முடிந்த 30 நாளுக்குள் இந்தத் தொகை கைக்கு வர வேண்டும், ₹20 லட்சம் வரை வரியும் இல்லை. அதே தொகையைப் பத்து வருடம் கழித்து எல்.எல்.பி. 'நல்லெண்ணமாக'க் கொடுத்தால் அது கிராஜுவிட்டி ஆகாது, அந்த வரிவிலக்கும் கிடையாது. இடைப்பட்ட பத்து வருடத்துக்குக் கிராஜுவிட்டி ஏறவும் ஏறாது. ஆகவே ராஜினாமாக் கடிதம், அதை ஏற்ற கடிதம், கணக்கு முடித்த சீட்டு, பி.எஃப். போர்ட்டலில் வெளியேறிய தேதி, இந்த நாலும் கையில் வந்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்து. பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். ஒன்பதாவது வருடத்தில் இருப்பவர் பார்ட்னர் ஆவதைக் கொஞ்சம் தள்ளிவைக்கக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பி.எஃப்.போடு ஒட்டிய, ₹7 லட்சம் வரை வரும் இன்சூரன்ஸும் அன்றோடு நிற்கும். அந்த இடத்தில் ஒரு டேர்ம் பாலிசி எடுத்து வைக்க வேண்டும்.

குவார்ட்டர்ஸும் இப்படித்தான். எஸ்டேட் பங்களாவில் இருப்பவருக்கு வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்தால் இருப்பதற்கான அடிப்படையும் முடிகிறது. எல்.எல்.பி. ஒப்பந்தத்தில் வீட்டைப் பற்றி ஒரு பத்தி, விலகினால் எத்தனை மாதத்தில் காலி செய்வது என்பது உட்பட, எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேனேஜர் நிலையில் இருப்பவருக்குத் பழைய தொழில் தகராறுச் சட்டத்திலும் பாதுகாப்பு பெரிதாக இருந்ததில்லை. மேற்பார்வை வேலையில் ₹18,000-க்கு மேல் வாங்குபவர் அதன் இடத்தில் வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் 'தொழிலாளி' அல்ல. அதனால் அவர் இழப்பது வேலை உத்தரவாதத்தை விட மேலே சொன்ன பணங்களைத்தான். அந்த வரம்புக்குள் வாங்கும் சூப்பர்வைசர், டிரைவர், டீ மேக்கர் போன்றவர்களுக்கு இழப்பு இன்னும் பெரியது.

பேருக்குப் பார்ட்னர்

இப்படிப்பட்ட ஊழியர்களைப் பார்ட்னராக்குவதில் ஒரு தந்திரமும் நடக்கிறது. இருபத்து மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து பேரைப் பார்ட்னராக எழுதினால் பதினெட்டு ஆகும், இருபது பேருக்குக் கீழே என்பதால் பி.எஃப். போய்விடும் என்று கணக்குப் போடுகிறார்கள். போகாது. ஒரு முறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம் ஆள் குறைந்தாலும் உள்ளேதான் இருக்கும். அந்த ஐந்து பேர் உண்மையில் பார்ட்னர்கள்தானா என்று விசாரணை வந்தால் பார்ப்பது காகிதத்தின் தலைப்பை அல்ல. முதல் போட்டாரா, வருடக் கணக்கைப் பார்த்துக் கையெழுத்திட்டாரா, பேங்க் கணக்கில் அதிகாரம் உண்டா, லீவுக்கு யாரிடம் அனுமதி கேட்கிறார் என்று கேட்பார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இன்னும் அவர் பெயருக்கு நேரே தினமும் குறி விழுகிறது என்றால் அந்த ஒரு நோட்டே போதும். வேலையின் உண்மை நிலைதான் பெரிது, இடையில் போட்ட ஏற்பாடுகளின் திரையை விலக்கிப் பார்க்கலாம் என்று 1978-இல் கோழிக்கோட்டுக் கயிறு ஃபாக்டரி வழக்கில் சொன்னவரும் அதே கிருஷ்ணய்யர்தான்.

இப்படி மாட்டினால் பாக்கியும் அபராதமும் எல்.எல்.பி.யின் மேல் விழும். அதாவது நிஜப் பார்ட்னராகச் சேர்ந்த மேனேஜரின் பங்கிலும் விழும். சேரும் முன் மற்ற பார்ட்னர்கள் யார், அவர்கள் எப்படி வந்தார்கள் என்று விசாரிக்க இது ஒரு காரணம்.

'லிமிடெட்' நிற்காத இடங்கள்

எல்.எல்.பி. சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பார்ட்னர் என்ற ஒரே காரணத்துக்காக எல்.எல்.பி.யின் கடனுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்கிறது. அதே பிரிவு, உங்கள் சொந்தத் தவறுக்கு நீங்களே பொறுப்பு என்றும் சொல்கிறது. மோசடி என்று வந்தால் 30-ஆம் பிரிவில் வரம்பே இல்லை.

வருமான வரியில் 167சி பிரிவு. எல்.எல்.பி.யிடமிருந்து வரியை வசூலிக்க முடியாவிட்டால், அந்த ஆண்டில் ஒரு நாள் பார்ட்னராக இருந்தவரும் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பு. தப்பிக்க ஒரு வழிதான்: வசூலாகாமல் போனதற்குத் தன் கடுமையான அலட்சியமோ கடமை தவறியதோ காரணமில்லை என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் பார்ட்னர் தலையில். கணக்கு விவரம் கேட்டு அனுப்பிய மெயில்கள், கூட்டத்தில் எதிர்ப்பைப் பதிந்த குறிப்புகள் இருந்தால் அன்றைக்கு உதவும்.

ஜி.எஸ்.டி. இன்னும் கடுமை. 90-ஆம் பிரிவு ஃபர்மின் எல்லாப் பார்ட்னர்களையும் வரி, வட்டி, அபராதம் மூன்றுக்கும் பொறுப்பாக்குகிறது. எல்.எல்.பி. தப்பிவிடும் என்று நினைத்தால், 94-ஆம் பிரிவின் அடியில் ஒரு விளக்கம் எல்.எல்.பி.யும் ஃபர்ம்தான் என்கிறது. 'எனக்குத் தெரியாது' என்ற விதிவிலக்கு கூட இங்கே இல்லை. தேயிலைத் தூள் விற்பனைக் கணக்கோ, ரூம் வாடகைக் கணக்கோ சரியாகக் காட்டப்படவில்லை என்றால் நோட்டீஸ் மேனேஜர் வீட்டுக்கும் வரலாம்.

பேங்க் கேட்கும் சொந்த ஜாமீன்தான் நடைமுறையில் அதிகம் கடிக்கும். கேஷ் கிரெடிட் என்ற தொழில் கடனைப் புதுப்பிக்கும்போது எல்லாப் பார்ட்னரும் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு கட்டுக் காகிதம் வரும். அதில் போட்ட கையெழுத்துக்கு எல்.எல்.பி. சட்டம் எந்தக் கவசமும் தராது. சிறு பங்குக்காரர் என்றால் ஜாமீன் தராமல் இருக்கவோ, தொகைக்கு உச்சவரம்பு போடவோ பேசிப் பார்க்கலாம். சில சமயம் பேங்க் ஒத்துக்கொள்ளும்.

'டெசிக்னேட்டட் பார்ட்னர்' என்ற பதவி வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. குறைந்தது இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இந்தியாவில் வசிப்பவர் என்பதுதான் சட்டம். மே 30-க்குள் ஆண்டு அறிக்கையான படிவம் 11, அக்டோபர் 30-க்குள் கணக்கு அறிக்கையான படிவம் 8 பதிவாளருக்குப் போகாமல் விழும் அபராதங்களுக்கு அந்த இருவர் நேரடிப் பொறுப்பு. மகன் வெளிநாட்டில், முதலாளி ஒருவர்தான் ஊரில் என்கிற குடும்பங்களில் இரண்டாவது பெயருக்காகவே மேனேஜரை இழுப்பதுண்டு.

நிலத்தோடு சேர்பவர் விஷயம் தனி. தேயிலை நிலத்தை முதலாகப் போட்டால் அது எல்.எல்.பி. என்ற வேறொரு நபருக்குப் போகிறது, பத்திரப் பதிவு வேண்டும். முதலீட்டு லாப வரி வருமா என்பது நிலம் நகராட்சிக்கு எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. வந்தால், எல்.எல்.பி. தன் கணக்கில் எழுதும் மதிப்பே விற்ற விலையாக எடுத்துக்கொள்ளப்படும். கூடலூர்ப் பக்கம், பழைய ஜன்மி முறையில் வந்து உரிமை தகராறில் கிடக்கும் ஜன்ம நிலத்தை இதில் நுழைக்கவே வேண்டாம்.

விலகும் வழி

ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால் 30 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து விலகலாம். உங்களை வெளியேற்றும் அதிகாரம் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே பெரும்பான்மைக்கு உண்டு. அந்தப் பத்தி இருந்தால், காரணம் சொல்ல வேண்டுமா, பதில் சொல்ல நாள் உண்டா, கணக்கு எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பதையும் அதிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிரியும்போது போட்ட முதலும், சேர்ந்த நஷ்டம் கழித்த லாபப் பங்கும் சட்டப்படி உங்களுக்கு வர வேண்டியவை.

நோட்டீஸ் கொடுத்ததோடு முடிந்தது என்று கீழே இறங்கிப் போய்விடுகிறார்கள். வெளி ஆட்களுக்கு அது தெரியும்வரை, அல்லது பதிவாளருக்குத் தகவல் போகும்வரை, நீங்கள் பார்ட்னராகவே கருதப்படுவீர்கள். எல்.எல்.பி. 30 நாளுக்குள் படிவம் 4 போட வேண்டும். போடாது என்று தோன்றினால் 25-ஆம் பிரிவில் நீங்களே பதிவாளருக்குத் தெரிவிக்கலாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கோயம்புத்தூர் அலுவலகம். பிறகு கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எல்.எல்.பி. எண்ணைப் போட்டுப் பார்த்து, உங்கள் பெயர் போய்விட்ட பக்கத்தைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து வைக்க வேண்டும். பேங்குக்கு ஜாமீனை இனிவரும் கடன்களுக்கு ரத்து செய்வதாகத் தனிக் கடிதம், அன்றைய பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் பதில்.

ஜி.எஸ்.டி. ஆணையருக்கு விலகிய ஒரு மாதத்துக்குள் எழுத்து அறிவிப்பு போக வேண்டும். போகாவிட்டால், அது போய்ச் சேரும் நாள்வரை ஏறும் வரிக்கும் நீங்கள் பொறுப்பு. போர்ட்டலில் பெயரை எடுப்பது எல்.எல்.பி.யின் வேலை, அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தனித்தாளில், ஜி.எஸ்.டி. எண்ணும் விலகிய தேதியும் போட்டு, பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். திரும்பி வரும் ஒப்புகையை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள், ரேஷன் கார்டு கவரில் செருகிவிட்டால் நாலு வருடம் கழித்து நோட்டீஸ் வரும்போது கிடைக்காது.